நவம்பர் மதிப்பெண்ணையும் பாருங்கள்: அமெரிக்கக் கல்லூரி அட்மிஷன் அலுவலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

அட்மிஷன் அலுவலர்களுக்கு வணக்கம்.

நான் கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறேன். என் மகள் இப்போது கல்லூரியில் முதல் வருடம். சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில், விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் தடுமாறும் பிள்ளைகளோடு உட்கார்ந்து என்னால் முடிந்ததைச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த மடலின் ஆங்கில வடிவத்தை உங்களுக்குத் தனியே அனுப்புகிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம், இதே விஷயத்தில் அல்லாடும் தமிழ் அப்பா அம்மாக்கள் டெக்சாஸிலும் நியூ ஜெர்சியிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களும் இதைப் படித்துவிட்டு உங்களுக்கு எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

விஷயம் இதுதான். கல்லூரியில் சேருவதற்காகப் பிள்ளைகள் எழுதுகிற எஸ்ஏடி தேர்வின் மதிப்பெண் வேண்டும் என்று நீங்கள் மறுபடியும் கேட்க ஆரம்பித்துவிட்டீர்கள். 2022-ல் எம்ஐடி ஆரம்பித்தது, 2024-ல் டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் என்று வரிசையாகத் திரும்பி வந்தீர்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. கேளுங்கள். ஆனால் கேட்கிற மதிப்பெண்ணைப் பிள்ளை திரும்ப எழுதி உயர்த்திக்கொண்டு வந்தால், அதை எந்தத் தேதி வரைக்கும் வாங்கிக்கொள்வீர்கள் என்பதில் ஆளுக்கு ஒரு விதி வைத்திருக்கிறீர்கள். அதிலும் முன்கூட்டியே விண்ணப்பித்து முன்கூட்டியே முடிவு வாங்குகிற ஏர்லி சுற்றில் சில இடங்களில் அக்டோபர் தேர்வோடு கதவைச் சாத்திவிடுகிறீர்கள். அந்தக் கதவு யார் மேல் சாத்தப்படுகிறது என்று கொஞ்சம் பாருங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

முதலில் என் வீட்டுக் கதை. அதில் எங்களுக்கு எவ்வளவு வசதி இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் முதல் தடவை எழுதியது 2024 மார்ச்சில், பதினோராம் வகுப்பில். அமெரிக்காவில் எஸ்ஏடி முழுக்கக் கணினிக்கு மாறிய முதல் தேர்வு அது. 1600-க்கு 1440 வந்தது. ஆகஸ்டில் திரும்ப எழுதினாள், அக்டோபரில் மறுபடியும் எழுதினாள். இரண்டு பகுதிகளிலும் எது எப்போது அதிகமோ அதை எடுத்துக் கூட்டினால், அதாவது நீங்கள் சூப்பர்ஸ்கோர் என்று சொல்கிறீர்களே அந்தக் கணக்கில், 1530.

ஏழு மாதத்தில் 90 மதிப்பெண். பணம் கொடுத்து வாங்கிய மதிப்பெண் என்று யாராவது நினைத்தால், அவளுடைய தப்பு நோட்டைக் காட்டுகிறேன். பழைய கோடு போட்ட நோட்டு ஒன்று. பயிற்சித் தேர்வில் தப்பாகப் போன ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி எழுதியிருக்கிறாள். "எக்ஸ் கண்டுபிடித்து நிறுத்திவிட்டேன், கேட்டது 2எக்ஸ் + 1." இந்த ஒரு தப்பு மட்டும் ஏப்ரலில் பதினோரு தடவை வருகிறது, ஜூலையில் மூன்று தடவை, செப்டம்பரில் இல்லவே இல்லை. திரைக்குள்ளேயே டெஸ்மாஸ் கால்குலேட்டர் இருப்பது மார்ச்சிலேயே அவளுக்குத் தெரியும், ஆனால் இரண்டு சமன்பாட்டையும் அதில் தட்டிவிட்டால் கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியே விடை என்பது கோடையில்தான் உறைத்தது. இதையெல்லாம் கற்றுக்கொண்டபோது அவள் வேறு ஆளாக மாறிவிடவில்லை, அதே பெண்தான், முன்பைவிடக் கவனமாகப் படிக்கிற அதே பெண். உயர்ந்த மதிப்பெண் என்பது இதுதான். முதல் மதிப்பெண்தான் நிஜம், இரண்டாவது ஏதோ ஜோடனை என்ற எண்ணம் உங்களில் யாருக்காவது இன்னும் இருந்தால் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

அக்டோபர் தேர்வுக்கு எங்கள் ஊரில் இடம் கிடைக்கவில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகம் எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை என்று முடிவெடுத்துவிட்டதால் இங்கே பல பள்ளிகள் தேர்வு மையம் நடத்துவதை நிறுத்திவிட்டன, சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள எங்கள் பே ஏரியா பிள்ளைகள் மையம் தேடி ஊர் ஊராகப் போகிறார்கள். எங்களுக்கு ஸ்டாக்டன் பக்கம் கிடைத்தது. காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். மடிக்கணினி முழுக்கச் சார்ஜ் ஆகியிருக்கிறதா, தேர்வு எழுதுகிற புளூபுக் செயலி திறக்கிறதா என்று அவள் பின் சீட்டில் மூன்று தடவை பார்த்துக்கொண்டாள். எட்டு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். அன்றைக்கு நான் வேலைக்கு லீவு போடத் தேவையில்லை, கார் இருந்தது, கட்டணம் கட்டப் பணம் இருந்தது. இப்போது ஒரு தடவை எழுத 68 டாலர். மூன்று தடவை எழுதுவது எங்களுக்கு ஒரு பெரிய விஷயமாகவே தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதுதான் இந்த மடலின் அடுத்த பாதி.

போன வருடம், அதாவது 2025 செப்டம்பரில், நூலகத்துக்கு ஒரு பையன் வந்தான். பெயர் வேண்டாம். அப்பாவுக்கு இரவு ஷிஃப்ட், அம்மா ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை, தங்கையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது இவன் பொறுப்பு. கணக்கில் கெட்டிக்காரன். பதினோராம் வகுப்பு முழுக்க யாரும் அவனிடம் எஸ்ஏடி பற்றிப் பேசவே இல்லை. மிச்சிகன், கொலராடோ மாதிரி மாநிலங்களில் பதினோராம் வகுப்பிலேயே பள்ளியில் வைத்து எல்லோருக்கும் தேர்வு நடத்திவிடுகிறார்கள், இங்கே அப்படி இல்லை. கோடை முடிந்து பள்ளி திறந்த பிறகு, மேற்படிப்புக்கு வழி சொல்கிற பள்ளிக் கவுன்சிலர் கூப்பிட்டு, உனக்குக் கட்டண விலக்கு உண்டு, இரண்டு தடவை இலவசமாக எழுதலாம் என்று சொல்லியிருக்கிறார். அப்புறம்தான் அவன் பதிவே செய்தான்.

அக்டோபர் 4-ம் தேதி எழுதினான். பயிற்சித் தேர்வு ஒன்றுகூட முழுதாக எழுதிப் பார்க்காமல் போய் உட்கார்ந்தவன். 1390 வந்தது. ரிசல்ட் வந்த அன்றைக்கே, நவம்பர் 8-ம் தேதித் தேர்வுக்குப் பதிவு முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு நூலகத்துக்கு ஓடி வந்தான். மூன்று வாரம் ராத்திரி தங்கை தூங்கின பிறகு உட்கார்ந்து எழுதி எழுதிப் பார்த்தான். என் மகளின் தப்பு நோட்டைக் காட்டினேன், அவனும் ஒன்று போட்டான். நவம்பரில் 1480.

அவன் ஏர்லி டிசிஷன், அதாவது இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற முறையில், போட்ட கல்லூரிக்கு நவம்பர் 1 கடைசித் தேதி. விண்ணப்பம் போய்விட்டது, 1390-உடன். நவம்பர் ரிசல்ட் வந்ததும் போர்ட்டலில், அதாவது அந்தக் கல்லூரியின் விண்ணப்ப இணையப் பக்கத்தில், சேர்க்கப் பார்த்தான், இடமில்லை. மெயில் போட்டான். ஏர்லி சுற்றுக்கு அக்டோபர் தேர்வுதான் கடைசி என்று இரண்டு வரியில் பதில் வந்தது. டிசம்பர் நடுவில் முடிவு வந்தது, இல்லை என்று. தள்ளிவைத்திருந்தாலாவது புதிய மதிப்பெண்ணோடு அடுத்த சுற்றில் பார்த்திருப்பார்கள். இல்லை என்று சொல்லிவிட்டால் அந்த வருடம் அந்தக் கல்லூரிக்குத் திரும்பப் போட முடியாது.

1480 இருந்திருந்தால் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அது யாருக்கும் தெரியாது. என் வயிற்றெரிச்சல், அந்த எண்ணை யாரும் பார்க்கவே இல்லை என்பதுதான். முடிவு எழுதப்படுவதற்கு முன்னாலேயே, மூன்று வாரத்துக்கும் மேலாக, அந்த எண் இந்த உலகத்தில் இருந்தது. இதே பையன் ஏர்லி ஆக்ஷன், அதாவது கிடைத்தாலும் சேரும் கட்டாயம் இல்லாத முறையில், போட்ட இன்னொரு கல்லூரி, போர்ட்டலில் ஒரு சின்னப் படிவத்தைத் திறந்து வைத்து, நவம்பர் மதிப்பெண்ணை அவனையே தட்டிப் போடச் சொல்லி வாங்கிக்கொண்டது. ஒரு நிமிட வேலை. ஆக, முடியாத விஷயம் இல்லை.

அதனால்தான் கேட்கிறேன். நவம்பர் 1 கடைசித் தேதி வைத்திருக்கிற எல்லாரும், நவம்பர் மாதத் தேர்வின் மதிப்பெண்ணை ஏர்லி சுற்றிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வு முடிந்து இரண்டு வாரம் போல ஆனால் ரிசல்ட் வந்துவிடுகிறது. நீங்கள் முடிவு சொல்வது டிசம்பர் நடுவில். ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களை அந்த ஆறு வாரத்துக்குள் படிப்பது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, நவம்பர் முதல் வாரத்திலேயே படித்து முடித்த ஃபைலை மூன்றாம் வாரத்தில் திரும்பத் திறக்க வேண்டியிருக்கும் என்பதும் புரிகிறது. ஆனால் அந்தச் சிரமத்தை நீங்கள் தாங்கலாம். பதினேழு வயதுப் பையன் தாங்க முடியாது.

இதற்கு நீங்கள் சொல்லக்கூடிய பதில் எனக்குத் தெரியும். இன்னும் ஒரு தேர்வைச் சேர்த்தால், கோச்சிங் போகிற பணக்காரப் பிள்ளைகளுக்குத்தானே இன்னொரு வாய்ப்பு கிடைக்கும் என்பீர்கள். நேர்மையான கேள்விதான். ஆனால் நூலகத்தில் நான் பார்த்தவரை அந்தப் பிள்ளைகள் நவம்பர் வரைக்கும் காத்திருப்பதில்லை. பதினோராம் வகுப்பு மார்ச், மே, ஜூன் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள், என் மகளும் அக்டோபரோடு முடித்தாள். பன்னிரண்டாம் வகுப்பு நவம்பரில் இரண்டாவது தடவையாக உட்காருகிறவர்கள் பெரும்பாலும் தாமதமாகத் தெரிந்துகொண்டவர்கள். அவர்களைத்தான் உங்கள் அக்டோபர் விதி தடுக்கிறது.

இது என் கண்ணில் பட்டது மட்டுமில்லை. ஜோஷுவா குட்மன், ஒடெட் குரான்ட்ஸ், ஜோனதன் ஸ்மித் என்ற மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் எஸ்ஏடியைத் திரும்ப எழுதுவதைப் பற்றியே ஓர் ஆய்வு செய்து 2020-ல் வெளியிட்டார்கள். நூறின் மடங்குக்குக் கொஞ்சம் கீழே மதிப்பெண் வாங்கின பிள்ளைகள், கொஞ்சம் மேலே வாங்கினவர்களைவிட அதிகமாகத் திரும்ப எழுதப் போகிறார்கள், எண் பார்க்க அழகாக இல்லை என்ற ஒரே காரணத்துக்காக. இருவருக்கும் திறமையில் வித்தியாசம் இல்லாததால், திரும்ப எழுதுவது மட்டும் என்ன செய்கிறது என்பதை அதை வைத்தே பிரித்துப் பார்த்தார்கள். மதிப்பெண் நன்றாகவே ஏறுகிறது, நான்கு வருடக் கல்லூரியில் சேருவதும் கூடுகிறது, அந்தப் பலன் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். ஆனால் அந்தப் பிள்ளைகள்தான் குறைவாகத் திரும்ப எழுதுகிறார்கள். யாருக்கு அதிகம் உதவுமோ அவர்கள் ஒரு தடவையோடு விட்டுவிடுகிறார்கள். அப்படியிருக்க, எப்படியோ தைரியம் வந்து இரண்டாவது தடவை எழுதின ஒருவனிடம், நீ எழுதின மாதம் சரியில்லை என்று சொல்வது நியாயமா?

எனக்கு இது பழைய கதையும்கூட. நான் தமிழ்நாட்டில் பிளஸ் டூ படித்தபோது இம்ப்ரூவ்மென்ட் என்று ஒன்று இருந்தது. மதிப்பெண் போதவில்லை என்றால் அடுத்த வருடம் திரும்ப எழுதி, உயர்ந்த மதிப்பெண்ணோடு மருத்துவத்துக்கும் இன்ஜினியரிங்குக்கும் போட்டியிடலாம். என் அண்ணன் அப்படி ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து எழுதினான். அந்த வருடத்தை அவனுக்குக் கொடுக்க எங்கள் அப்பாவால் முடிந்தது. பக்கத்து வீட்டில் இருந்தவன் அதே மதிப்பெண்ணோடு வேலைக்குப் போனான். 2005-ல் தமிழக அரசு அந்த முறையை நிறுத்த ஆணை போட்டபோது, முதல் தடவை எழுதுகிறவர்களின் இடத்தை இம்ப்ரூவ்மென்ட் எழுதுகிறவர்கள் பறிக்கிறார்கள் என்ற வாதம் வந்தது. அதில் உண்மை இருந்தது என்றே இப்போதும் நினைக்கிறேன். திரும்ப எழுதுவதற்கு ஒரு முழு வருடம் விலையாக இருந்தால் அது வசதி உள்ளவனின் சலுகைதான். ஆனால் இங்கே விலை ஒரு வருடம் இல்லை, ஐந்து வாரம். கட்டண விலக்கு உள்ள பிள்ளைக்கு இரண்டாவது தேர்வுக்குப் பணம்கூட வேண்டாம். ஏறக்குறைய எல்லாரும் தொடக்கூடிய தூரத்தில் இருக்கிற ஒரே உதவி இதுதான்.

சரி, எத்தனை தடவை எழுதலாம்? இதில் நான் சொல்வது எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் பலருக்குப் பிடிக்காது. ஆறு தடவை, ஏழு தடவை எழுத வைக்கிற பெற்றோர்களை எனக்குத் தெரியும். 1540 வாங்கின பெண்ணை 1570-க்காகத் திரும்ப அனுப்புகிறார்கள். தேர்வு நடத்துகிற காலேஜ் போர்டே ஸ்கோர் ரிப்போர்ட்டில் மொத்த மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வீச்சு போட்டிருக்கிறது, மேலே 40, கீழே 40 என்று. அதாவது இதே பிள்ளை இதே அறிவோடு இன்னொரு நாள் எழுதினால் அந்த எல்லைக்குள் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். அந்த 30 மதிப்பெண்ணுக்காக ஒரு பிள்ளையின் சனிக்கிழமையைப் பிடுங்காதீர்கள் என்று பெற்றோர்களிடம் நான் கெஞ்சுகிறேன். கல்லூரிகளிடம் கேட்பது வேறு. மூன்று தடவைக்கு மேல் பார்க்க மாட்டோம் என்று நீங்கள் எல்லாரும் வெளிப்படையாக எழுதி வைத்தால் நான் முதல் ஆளாக வரவேற்பேன். எழுதி வையுங்கள், அவ்வளவுதான். இப்போது இருப்பது என்ன? ஜார்ஜ்டவுன் எழுதின எல்லா மதிப்பெண்ணையும் அனுப்பச் சொல்கிறது, மற்ற பல இடங்களில் பிடித்ததை மட்டும் அனுப்பினால் போதும், இன்னும் சில இடங்களில் சூப்பர்ஸ்கோர் செய்கிறார்களா, ஒரே நாளில் வாங்கின அதிகபட்சத்தைப் பார்க்கிறார்களா என்பதே நாலு பக்கம் தேடினால்தான் தெரிகிறது. மூன்று தடவை எழுதினேன் என்பதே எனக்கு எதிராகப் போகுமா என்று பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். பயத்தோடு கேட்கிறார்கள். போகாது என்று நான் சொல்வதை அவர்கள் நம்புவதில்லை, ஏனென்றால் நான் நீங்கள் இல்லை.

ஊகிக்க விட்டால் என்ன ஆகும் என்பதற்கு டார்ட்மத்தே சாட்சி. மதிப்பெண் அனுப்புவது விருப்பம் என்று இருந்த வருடங்களைப் பற்றி அவர்களுடைய பேராசிரியர்களே ஆராய்ந்து, வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்த பிள்ளைகள், அனுப்பியிருந்தால் உதவியிருக்கக்கூடிய மதிப்பெண்ணை மறைத்துவிட்டார்கள் என்று 2024-ல் சொன்னார்கள். 1400 போதாது என்று நினைத்து மறைத்திருக்கிறார்கள். அந்தப் பள்ளியிலிருந்து, அந்த வீட்டிலிருந்து வந்த 1400-ஐ அலுவலகம் வேறு கண்ணால் பார்த்திருக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மதிப்பெண்ணைக் கட்டாயமாக்க அது ஒரு காரணம் என்றீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அதே கரிசனத்தைத் தேதி விஷயத்திலும் காட்டுங்கள்.

நான் கேட்பது கடைசியில் ஒரு வரிதான். உங்கள் ஏர்லி விண்ணப்பப் பக்கத்தின் தலையிலேயே, பதினேழு வயதுப் பிள்ளைக்கும் ஆங்கிலம் சரியாக வராத அவனுடைய அம்மாவுக்கும் புரிகிற மாதிரி, எந்த மாதத் தேர்வு வரை எடுத்துக்கொள்வீர்கள், விண்ணப்பம் போட்ட பிறகு வந்த மதிப்பெண்ணை எங்கே போட வேண்டும், எத்தனை தடவை எழுதினால் கணக்கில் வரும் என்று எழுதி வையுங்கள். "அக்டோபர் தேர்வைப் பரிந்துரைக்கிறோம்" என்று எழுதாதீர்கள். பரிந்துரை என்றால் நவம்பர் செல்லுமா செல்லாதா? நூலகத்தில் ஒரு மணி நேரம் நானும் அந்தப் பையனும் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். அப்புறம், பிள்ளை தானே தட்டிப் போட்ட மதிப்பெண்ணை முடிவு சொல்லும் வரைக்கும் எல்லாரும் ஏற்றுக்கொள்ளுங்கள். அதிகாரபூர்வ ரிப்போர்ட்டைச் சேரும்போது வாங்கிச் சரிபார்த்தால் போதும், உங்களில் பலர் ஏற்கெனவே அப்படித்தான் செய்கிறீர்கள். பொய் சொன்னவனுடைய இடத்தை அப்போது ரத்து செய்யுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

ஏர்லி டிசிஷனில் கணிசமான இடங்களை நிரப்பிவிடுகிற கல்லூரிகளுக்கு இன்னும் ஒன்று. உங்கள் வகுப்பில் பாதியை நவம்பர் 1-க்கு முன் தயாராகிவிட்டவர்களைக் கொண்டு நிரப்புகிறீர்கள் என்றால், தயாராவதற்கான கடைசி நாளைத் தீர்மானிக்கிற உங்கள் விதி வெறும் ஆபீஸ் நடைமுறை ஆகாது. ஒரே எஸ்ஏடி மதிப்பெண் இருந்தாலும், மேல்தட்டு ஒரு சதவீதக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஹார்வர்ட், யேல் மாதிரிப் பெயர் பெற்ற கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று பொருளியல் அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய சகாக்களும் 2023-ல் காட்டினார்கள். மதிப்பெண் ஒன்றாக இருக்கும்போதே நிலைமை அப்படி. மதிப்பெண்ணையே பார்க்காமல் விட்டால்?

அந்தப் பையன் மற்ற கல்லூரிகளுக்கு வழக்கமான ரெகுலர் சுற்றில் 1480-உடன் போட்டுவிட்டான், மார்ச் கடைசி வரை காத்திருக்கிறான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் போட்டிருக்கிறான், அங்கே இந்த எண் எதற்கும் பயன்படாது. கேட்டால், பரவாயில்லை ஆன்ட்டி, கணக்கு நல்லா வந்துடுச்சு என்கிறான்.

பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப் ஆகஸ்ட் 1-ம் தேதி புதிய வருடத்துக்குத் திறக்கும். உங்கள் விதிகளை நீங்கள் திருத்துவது அதற்கு முன்னால் வருகிற கோடை மாதங்களில்தான். அதற்குள் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். சேர்த்தவர்கள் எனக்கு ஒரு மெயில் போட்டால், நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் கல்லூரிப் பெயரோடு அன்றைக்கே ஒட்டிவிடுகிறேன்.

அன்புடன்,
ஃப்ரீமான்ட்டிலிருந்து ஓர் அம்மா